லேப் ரிப்போர்ட்டை எந்த அளவுக்கு நம்பலாம்? இளங்கலை மருத்துவ உயிர்வேதியியல் பாடம் பற்றி

பொது உயிர்வேதியியலை முடித்துவிட்டு மருத்துவ உயிர்வேதியியல் வகுப்புக்கு வரும் மாணவர்களில் பலர், பழைய பாடமே இன்னும் கொஞ்சம் விரிவாக வரும் என்று நினைக்கிறார்கள். கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி, அமினோ அமிலங்கள், நொதிகளின் வேகக் கணக்கு என்று பழைய நோட்டுகளைத் தூசி தட்டி எடுத்து வைக்கிறார்கள். அவை தேவைப்படும்தான். ஆனால் இந்தப் பாடம் கேட்கும் கேள்வி வேறு. ஒருவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அந்த அளவு உண்மையிலேயே அவர் உடம்பில் இருக்கிறதா? இருந்தால் எந்த உறுப்பில் கோளாறு? இல்லையென்றால், ஊசி குத்தியதிலிருந்து ரிப்போர்ட் அச்சானது வரை எந்த இடத்தில் பிழை புகுந்தது? செமஸ்டர் முழுவதும் இந்த மூன்று கேள்விகள்தான் வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும்.

இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பாடத்திட்டத்தைப் பார்த்தால் மனப்பாடம் செய்ய ஏகப்பட்டது இருப்பதுபோலத் தெரியும். படிக்கப் படிக்க, ஒரு எண்ணைப் பார்த்து யோசிக்கும் பழக்கத்துக்கே இங்கு அதிக மதிப்பு என்பது புரியும். அந்த எண்ணை நம்பித்தான் மருந்து கொடுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எண்ணைத் தருகிறவருக்கு அதைச் சந்தேகப்படவும் தெரிந்திருக்க வேண்டும். இளங்கலையில் இதை நேரடியாகப் பழக்குகிற பாடம் என்பதால்தான் இதன் மீது எனக்குத் தனி மதிப்பு.

வரலாறு ஒன்றிரண்டு வகுப்புகளில் முடிந்துவிடும். காற்றுபட்டதும் கறுத்துப்போகும் சிறுநீர் கொண்ட நோயாளிகளை ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் காரட், அல்காப்டனூரியா குடும்பவழியில் வரும் ஒரு வேதிக் குறைபாடு என்று 1902-ல் எழுதினார். நோயை மூலக்கூறு அளவில் பார்க்கும் எண்ணம் அங்கே வேர்விடுகிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோ ஃபோலின், டொனால்ட் வான் ஸ்லைக் போன்றவர்கள் சிறிதளவு ரத்தத்திலேயே அளக்கும் முறைகளை உருவாக்கினார்கள். 1957-ல் லியோனர்ட் ஸ்கெக்ஸின் தானியங்கிக் கருவி வந்த பிறகு, கையால் ஒவ்வொன்றாகச் செய்த வேலை இயந்திரத்துக்குப் போனது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தைக் கொண்டு இன்சுலினை அளந்த முறை, அதுவரை எட்டாத அளவுக்கு நுண்ணிய ஹார்மோன் அளவுகளை எட்ட வைத்தது. அதற்காக யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்.

ஊசியில் தொடங்கும் பிழைகள்

இயந்திரங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ரத்தம் எடுப்பதைப் பற்றி நீளமாகப் பாடம் நடக்கும். சலித்துக்கொள்ள வேண்டாம். லேப் பிழைகளில் பெரும்பகுதி அனலைசருக்குள் நடப்பதில்லை. சாம்பிள் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 9-ஐத் தாண்டியிருக்கிறது, கால்சியம் பாதாளத்தில் இருக்கிறது, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி மிகவும் குறைந்திருக்கிறது. பொட்டாசியம் வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். 9 என்பது இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்கிற அளவு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று நோய்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஒரே காரணம் போதும்: இடிடிஏ. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இந்த உப்பு, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தை உறையாமல் வைக்கிறது. அது பெரும்பாலும் பொட்டாசிய உப்பாகவே குழாயில் இருக்கும். யாரோ ஊதா குழாயிலிருந்த ரத்தத்தைச் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் திரவம்) எடுக்கும் குழாயில் ஊற்றி அளவை நிரப்பியிருக்கிறார்கள். பொட்டாசியம் கூடுகிறது, கால்சியம் குறைகிறது, துத்தநாகமும் மெக்னீசியமும் இல்லாமல் இயங்க முடியாத ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் படுத்துவிடுகிறது. உலோக அயனி, நொதி, துணைக்காரணி என்று முன்பு ஏட்டில் படித்ததெல்லாம் இந்த ஒரு சாம்பிளில் வேலைக்கு வந்துவிடும்.

பொட்டாசியத்தைப் பொய்யாகக் கூட்டும் வழிகள் இன்னும் உண்டு. சிவப்பணுவுக்குள் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் பொட்டாசியம் இருப்பதால், மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்து அணுக்கள் உடைந்தால் அளவு ஏறும். சீரம் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஏறும். குளிரில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் மந்தமாகி, உள்ளே இருப்பது மெல்லக் கசியும். இதில் அணுக்கள் உடைவதில்லை, அதனால் நிறமும் மாறாது. கண்ணுக்குத் தெரியாத இந்த வகைதான் ஆபத்தானது.

குளுக்கோஸின் கதை நேர்மாறு. குழாய்க்குள் போன பிறகும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. அறை வெப்பநிலையில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு. அது கிளைக்காலிசிஸின் பின்பகுதியில் உள்ள ஈனோலேஸைத் தடுக்கிறது. முன்பகுதி நொதிகள் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்பதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஃபுளோரைடு இருந்தும் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும். இதைத் தேர்வில் கேட்பார்கள். கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளை எதற்குப் படித்தோம் என்ற கேள்விக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கும்.

அளக்கும் முறைகள்

அடுத்து முறைகள். அனலைசரை ஒரு கறுப்புப் பெட்டியாக விட்டுவிடாமல், உள்ளே என்ன வினை நடக்கிறது என்று ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் சொல்லத் தெரிய வேண்டும். பெரும்பாலான அளவீடுகள் ஒளியைச் சார்ந்தவை. ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறதோ அதற்கு ஏற்பச் செறிவு என்ற பீர்-லாம்பர்ட் விதி உங்களுக்குப் பழக்கமானதே. அதற்கு அடுத்து மனதில் நிறுத்த வேண்டிய எண் 340 நானோமீட்டர். என்ஏடிஎச் என்ற துணைநொதி அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். ஆக்சிஜனேற்றமடைந்த என்ஏடி உறிஞ்சாது. எத்தனையோ பரிசோதனைகள் இந்த ஒரு வேறுபாட்டின் மீது கட்டப்பட்டவை.

கல்லீரல் நொதியான ஏஎல்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அலனினிலிருந்து பைருவேட் உண்டாவதை நேரடியாகப் பார்ப்பது சிரமம். ஆகவே பக்கத்தில் லாக்டேட் டீஹைட்ரஜனேஸையும் என்ஏடிஎச்-சையும் சேர்த்துவிடுகிறார்கள். உண்டாகும் பைருவேட் உடனே லாக்டேட்டாக மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு என்ஏடிஎச் தீரும். 340-ல் ஒளி உறிஞ்சல் சீராகக் குறையும். அந்தக் குறையும் வேகம்தான் ரிப்போர்ட்டில் வரும் ஏஎல்டி. ஒரு முறை இதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டால் ஏஎஸ்டி, யூரியா, குளுக்கோஸ் ஹெக்சோகைனேஸ் முறை எல்லாமே உறவுக்காரர்களாகத் தெரியும்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினுக்கு 1886-ல் மாக்ஸ் ஜாஃபே கண்ட பிக்ரேட் வினை இன்றும் பல லேப்களில் ஓடுகிறது. மலிவானது, எளிது. ஆனால் கிரியேட்டினினை மட்டும் பார்த்து நிறம் தருவதில்லை. அசிட்டோஅசிட்டேட், அதிக குளுக்கோஸ், சில செஃபலோஸ்போரின் மருந்துகள் இவற்றோடும் வினைபுரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். பிலிருபின் அதிகமிருந்தால் குறைத்துக் காட்டும். நொதி முறையில் இந்தக் குறுக்கீடுகள் குறைவு. இதை ஏன் நினைவில் வைக்க வேண்டும் என்பது கீழே வரும் கேஸில் தெரியும்.

ஹார்மோன்களுக்கும், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினுக்கும் ஆன்டிபாடி முறைகள். இதில் இரண்டு அமைப்புகளைத் தெளிவாகப் பிரித்துப் படியுங்கள். சாண்ட்விச் முறையில் அளக்கும் பொருளை இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் பிடிக்கும்; சிக்னல் கூடினால் பொருள் கூடுதல். போட்டி முறையில் அந்தப் பொருளும் அடையாளமிட்ட அதன் நகலும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டியிடும்; சிக்னல் கூடினால் பொருள் குறைவு. இந்த வேறுபாடு புரியாதவர்களுக்கு பயோட்டின் என்ற வைட்டமினின் விவகாரம் கடைசிவரை புரியாது. முடி வளர்ச்சிக்காக அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் ஒருவரின் சாம்பிள், பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பைப் பயன்படுத்தும் கருவிக்குள் போனால், மாத்திரையின் பயோட்டினே அந்தப் பிணைப்பிடங்களை நிரப்பிவிடும், சிக்னல் குறையும். சாண்ட்விச் முறையில் அளக்கும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறையும், போட்டி முறையில் அளக்கும் டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாகக் கூடும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் அசல் ஹைப்பர்தைராய்டு. நோயாளிக்கோ தைராய்டில் எதுவுமே இல்லை. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதற்காக எச்சரிக்கை விட்டது.

தரக்கட்டுப்பாடு பலருக்கும் பிடிக்காத பகுதி. வரைபடமும் புள்ளியியலும் மட்டுமே இருப்பதுபோலத் தோன்றும். அளவு முன்கூட்டியே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைத் தினமும் ஓட்டி, சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தள்ளி விழுகிறது என்று குறிப்பதுதான் லீவே-ஜென்னிங்ஸ் வரைபடம்; 1950-ல் வந்தது. இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டுவது கருவி நன்றாக இருக்கும்போதும் இருபதில் ஒரு முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் கருவியை நிறுத்திக்கொண்டிருக்க முடியாது. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்குத்தான் 1981-ல் வெஸ்ட்கார்ட் விதிகள் வந்தன. விதிகளின் பெயர்களை உருப்போடுவதைவிட, எது தற்செயல் பிழையைக் காட்டுகிறது, எது முறையான பிழையைக் காட்டுகிறது என்று பாருங்கள். தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், அளவீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அளவுத்திருத்தம் நகர்ந்திருக்கலாம், ரீஏஜென்ட் மாறியிருக்கலாம்.

எல்லைக்கு உள்ளே, வெளியே

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் இருக்கும் எல்லை, ஆரோக்கியமானவர்களின் நடுவிலுள்ள 95 சதவீதத்தை வைத்து வரையப்படுகிறது. அப்படியென்றால் ஆரோக்கியமானவர்களிலும் இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே இருப்பார். ஒன்றையொன்று சாராத இருபது டெஸ்ட்களை ஒரு ஆரோக்கியமான நபருக்கு எடுத்தால், எல்லாமே எல்லைக்குள் இருக்க வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். மீதி 64 சதவீத வாய்ப்பில் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வரும். மொத்தமாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை இந்தக் கணக்கு கேள்வி கேட்கிறது.

இதற்கு அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். ஒரு டெஸ்ட்டின் உணர்திறன் (நோயுள்ளவர்களில் எத்தனை பேருக்கு பாசிட்டிவ் வரும் என்பது) 99 சதவீதம், தனித்தன்மை (நோயில்லாதவர்களில் எத்தனை பேருக்கு நெகட்டிவ் வரும் என்பது) 95 சதவீதம். கேட்கவே பிரமாதமாக இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய்க்கு இதை ஒரு லட்சம் பேரிடம் செய்தால், நோயுள்ள 100 பேரில் 99 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோயில்லாத 99,900 பேரில் 4,995 பேருக்கும் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 5,094 பேரில் உண்மையாக நோயுள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதே டெஸ்ட்டை, அறிகுறிகளோடு வந்து பாதிப் பேருக்கு நோய் இருக்கக்கூடிய கூட்டத்தில் செய்தால் பாசிட்டிவை நன்றாகவே நம்பலாம். டெஸ்ட் மாறவில்லை, யாரிடம் செய்தோம் என்பதுதான் மாறியது. இந்தப் பகுதியை மட்டும் சூத்திரமாகப் படிக்காமல், இப்படி ஆட்களின் எண்ணிக்கையாகப் போட்டுப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

ஒரு கேஸ்

பாடத்தின் பிற்பாதி உறுப்புவாரியாகப் போகும்: சிறுநீரகம், கல்லீரல், இதயம், தைராய்டு, கொழுப்பு, கால்சியம், அமில-காரச் சமநிலை. இவற்றில் அமில-காரம்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. ஒரே ஒரு கேஸை முழுதாகப் பிரித்துப் பார்த்தால் பயம் தெளியும்.

நீரிழிவு உள்ள ஒரு இளைஞர், இன்சுலினைச் சில நாள் விட்டுவிட்டு, வாந்தியோடும் ஆழமான மூச்சோடும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளுக்கோஸ் 540 மி.கி./டெ.லி., சோடியம் 132, பொட்டாசியம் 5.6, குளோரைடு 96, பைகார்பனேட் 6, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 18 மி.மீ. பாதரசம், பிஎச் 7.15, கிரியேட்டினின் 1.9.

முதலில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டில் 18-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 0.54. 6-ஐ அதனால் வகுத்தால் சுமார் 11. அதன் லாக் 1.05, அதோடு 6.1 சேர்த்தால் 7.15. சரி, பொருந்துகிறது. பொருந்தாமல் போயிருந்தால் மூன்றில் ஏதோ ஒன்று தவறு, மேலே யோசிப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் ஆனயான் இடைவெளி, அதாவது சோடியத்துக்கும், குளோரைடு, பைகார்பனேட் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம். 132-லிருந்து 96-ஐயும் 6-ஐயும் கழித்தால் 30. வழக்கமாக 10, 12 என்ற அளவில் இருக்க வேண்டியது. அளக்கப்படாத அமிலம் ஏதோ ரத்தத்தில் நிறைந்திருக்கிறது. இங்கே அது கீட்டோ அமிலங்கள். ஆழமான மூச்சு, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளி பிஎச்-சைக் காப்பாற்ற உடம்பு எடுக்கும் முயற்சி. சோடியம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், குளுக்கோஸ் செல்களிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்து நீர்த்துப்போகச் செய்வது. நூறுக்கு மேல் ஒவ்வொரு நூறு மி.கி. குளுக்கோஸுக்கும் 1.6 கூட்டினால் சோடியம் 139-க்கு வந்துவிடும்.

பொட்டாசியம்தான் இந்தக் கேஸில் ஏமாற்றுவது. 5.6 என்பதைப் பார்த்து உடம்பில் பொட்டாசியம் மிகுதி என்று நினைத்தால் ஆபத்து. இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருக்க வேண்டியது வெளியே வந்து நிற்கிறது. சிறுநீரில் பல நாளாக இழந்தும் இருக்கிறார். மொத்தக் கையிருப்பு குறைவு. இன்சுலின் ஏற்றியதும் பொட்டாசியம் செல்லுக்குள் பாய்ந்து ரத்தத்தில் கடகடவெனச் சரியும். அதனால்தான் அந்த நேரத்தில் லேப்பிலிருந்து பொட்டாசியம் ரிப்போர்ட் திரும்பத் திரும்ப, சீக்கிரமாகப் போக வேண்டியிருக்கிறது.

கிரியேட்டினின் 1.9? நீர்ச்சத்து இழந்தவருக்கு ஏறியிருக்கலாம். ஆனால் லேப் ஜாஃபே முறையைப் பயன்படுத்தினால், அசிட்டோஅசிட்டேட்டும் அந்த எண்ணில் பங்குபோட்டிருக்கும். இன்னொன்று: சிறுநீர்க் கீட்டோன் பட்டை அசிட்டோஅசிட்டேட்டைத்தான் பிடிக்கும், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைப் பிடிக்காது. சிகிச்சையில் நோயாளி தேறும்போது இரண்டாவது முதலாவதாக மாறுவதால், ஆள் நன்றாகிவரும் நேரத்தில் பட்டை இன்னும் அழுத்தமான நிறம் காட்டலாம். பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை ரத்தத்தில் நேரடியாக அளப்பதை விரும்புவது இதனால்தான்.

மற்ற உறுப்புகளை இந்த மாதிரியே அணுகலாம், அவ்வளவு நேரம் எடுக்காது. கிரியேட்டினின் எல்லையைத் தாண்டுவதற்குள் சிறுநீரக வடிகட்டல் ஏறக்குறைய பாதியாகியிருக்கக்கூடும். தசை குறைந்த முதியவரிடம் அது இன்னும் ஏமாற்றும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வளரும் பிள்ளைகளிடமும் பிரசவத்தை நெருங்கும் பெண்களிடமும் கூடியிருப்பது இயல்பு. கல்லீரலா எலும்பா என்ற சந்தேகத்துக்கு ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி துணை. 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல்லை அளக்காமல் கணக்கிடுகிறது, ட்ரைகிளிசரைடு 400 மி.கி.யைத் தாண்டினால் அதை நம்ப முடியாது. சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினான எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும், ஆனால் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோயில் குறைத்துச் சொல்லும். ட்ரோபோனினில் ஒற்றை அளவைவிட, சில மணி நேர இடைவெளியில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகம் பேசும்.

லேப் வகுப்பும் தேர்வும்

லேப் வகுப்பில் ஸ்டாண்டர்ட் வரைபடம் போடுவது, குளுக்கோஸ், யூரியா, கிரியேட்டினின், மொத்தப் புரதம் அளப்பது, எலக்ட்ரோஃபோரெசிஸ், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை பொதுவாக இருக்கும். அனலைசர் நிமிடத்தில் செய்வதை ஏன் கையால் செய்யச் சொல்கிறார்கள் என்று எரிச்சல் வரலாம். பிப்பெட்டின் நுனியில் ஒரு காற்றுக்குமிழி நின்றால் முடிவு எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை உங்கள் கையே பார்த்துக்கொள்ள வேறு வழியில்லை. ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நோட்டில் எழுதி வாருங்கள். வாரத்துக்கு வாரம் அது குறைவது தெரியும்.

தேர்வில் சிறு குறிப்புகளும் உண்டு, கேஸ் கேள்விகளும் உண்டு. கேஸில் நோயின் பெயரைச் சரியாக எழுதினால் மட்டும் முழு மதிப்பெண் கிடைக்காது. எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள், எந்த எண் அதற்கு எதிராக நிற்கிறது, அடுத்து எந்த டெஸ்ட் கேட்பீர்கள் என்று எழுத வேண்டும். வைவாவில் குழாய் மூடிகளின் நிறம் கட்டாயம் வரும்.

முதல் வகுப்புக்கு முன் தயார் செய்ய வேண்டியது அதிகமில்லை. லாக் கணக்கு, நீர்த்தல் கணக்கு, சராசரியும் திட்டவிலக்கமும். அலகு மாற்றம் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்: குளுக்கோஸை மி.கி./டெ.லி.யிலிருந்து மில்லிமோலுக்கு மாற்ற 18-ஆல் வகுக்க வேண்டும், கிரியேட்டினினை மைக்ரோமோலுக்கு மாற்ற 88.4-ஆல் பெருக்க வேண்டும். புத்தகமும் லேப்பும் வேறு வேறு அலகில் பேசும்போது தடுமாறாமல் இருக்க இது போதும். கேஸ்களைத் தனியாகப் படிப்பதைவிட இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வார்டு மருத்துவராகவும் மற்றவர் லேப்பில் போனை எடுப்பவராகவும் பேசிப் பாருங்கள். “பொட்டாசியம் 6.8 என்று வந்திருக்கிறதே, நம்பலாமா?” என்று அந்தப் பக்கம் கேட்டால், சாம்பிள் எந்தக் கையில் எடுத்தது, எப்போது எடுத்தது, சீரம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று இந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் வர வேண்டும்.